ஊட்டிக் குளிரும் நார்வேக் குளிரும்: வாசகர் கேள்வி – பதில்

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் வரும் கடிதங்களில் சில இதழ்களாகவே நார்வே அடிக்கடி தலைகாட்டுகிறது. படிக்கப் போகும் பிள்ளைகள், வேலைக்குப் போனவர்கள், அவர்களைப் பார்க்கப் போக நினைக்கும் பெற்றோர் என்று கேட்பவர்கள் பலவகை. எல்லாம் ஒரே நாட்டின் வானிலையைச் சுற்றியே இருப்பதால் இந்த இதழில் மொத்தமாக எடுத்துக்கொண்டோம். வெப்பநிலை எல்லாம் செல்சியஸில்.

கேள்வி: என் மகள் ஆகஸ்டில் பெர்கன் நகரத்துக்கு மேற்படிப்புக்குப் போகிறாள். மலைக் குளிரிலேயே வளர்ந்தவள். அங்கே வருஷம் முழுக்க எப்படி இருக்கும்? எந்த மாசத்தில் உஷாராக இருக்க வேண்டும்?
— ஒரு தாயார், கோத்தகிரி

பதில்: குளிருக்காகக் கவலைப்படாதீர்கள் அம்மா. அவளுக்குப் புதிதாக இருக்கப்போவது இருட்டும் ஈரமும்தான்.

நார்வே வானிலைத் துறையினர் பருவங்களைக் காலண்டர் பார்த்து மட்டும் பிரிப்பதில்லை. பகலும் இரவும் சேர்ந்த சராசரி வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் இருந்தால் கோடை, 0-க்குக் கீழே போனால் குளிர்காலம். இடைப்பட்டது ஏறுமுகமாக இருந்தால் வசந்தம், இறங்குமுகமாக இருந்தால் இலையுதிர்காலம். இந்தக் கணக்கில் பெர்கனுக்குக் குளிர்காலமே கிடையாது. ஜனவரி, பிப்ரவரி சராசரியே 2 டிகிரியை ஒட்டி நிற்கிறது. இதே அளவுகோலை ஊட்டியில் வைத்துப் பார்த்தால் ஜனவரியின் சராசரி 12, 13 டிகிரி வரும். ஆக, ஊட்டிக்குப் பன்னிரண்டு மாசமும் கோடை! தலைக்குந்தாவில் காலையில் வண்டிக் கண்ணாடியிலிருந்து உறைபனியைச் சுரண்டுகிறவர்களிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

சராசரி மறைக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஊட்டியில் ஜனவரி விடியலில் 2 டிகிரி இருந்தாலும், மதியம் 20 வரை வெயில் ஏறிவிடும். பத்து மணிக்கு ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாம். பெர்கனில் காலை 1 டிகிரி என்றால் மதியம் 4 டிகிரிதான். குளிர் கடுமையாக இருக்காது, ஆனால் விடாது. வெயிலில் நின்று உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் நம் பழக்கம் அங்கே நான்கு மாசத்துக்குச் செல்லாது.

ஆகஸ்டில் போய் இறங்கும்போது சராசரி 15 டிகிரி, இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். ஊட்டியின் ஜூலை மாதிரிதான் தோன்றும். செப்டம்பரில் மழை பிடித்துக்கொள்ளும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதோடு சாயங்காலம் என்ற ஒன்றே காணாமல் போகும். உஷாராக இருக்க வேண்டிய மாசம் நவம்பர். கிறிஸ்துமஸ் விளக்குகளும் இன்னும் ஏறியிருக்காது, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கத் தரையில் பனியும் இருக்காது. மழையும் இருட்டும் மட்டும்தான். முதல் வருஷத்து மாணவர்கள் அறையை விட்டு வெளியே வராமல் முடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். டிசம்பர் 21 வாக்கில் சூரியன் காலை 9.45-க்கு எழுந்து மாலை 3.30-க்கு விழுந்துவிடும்.

பிப்ரவரியிலும் குளிர் குறையாது, ஆனால் பகல் தினமும் ஐந்து நிமிஷத்துக்குக் குறையாமல் நீளும். வாரத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல்! ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் பெர்கனில் மழை குறைந்த மாசங்கள். மே 17 அவர்களுடைய அரசியல் சட்ட நாள். 1814-ல் சட்டம் ஏற்கப்பட்ட நாளைத் தெருவில் இறங்கிக் கொண்டாடுவார்கள். ஜூனில் சூரியன் இரவு 11 மணிக்குப் போய்க் காலை 4 மணிக்கே வந்துவிடும். இடையிலும் முழு இருட்டு இருக்காது. ஜன்னலுக்குக் கனமான கருப்புத் திரை வாங்கும் மாசம் அது.

கேள்வி: உலக வரைபடத்தில் நார்வே சைபீரியாவுக்கு நேராக இருக்கிறது. அங்கே ஆறு உறைகிறது, இங்கே கடல்கூட உறைவதில்லை என்கிறார்கள். மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?
— ஆசிரியர், குன்னூர்

பதில்: மூன்று ஊர்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். பெர்கன் 60 டிகிரி வடக்கு, அலாஸ்காவின் ஆங்கரேஜ் 61, சைபீரியாவின் யாகுட்ஸ்க் 62. ஜனவரி சராசரி பெர்கனில் 2, ஆங்கரேஜில் மைனஸ் 8 வாக்கில், யாகுட்ஸ்கில் மைனஸ் 35-க்கும் கீழே.

வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீரோட்டம் நார்வேக் கரையை உரசிக்கொண்டு வடக்கே போகிறது என்பது பாதி விடை. மீதிப் பாதி காற்று. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க, ஒரு கிலோ காற்றுக்கு ஆவதைப்போல் நான்கு மடங்கு வெப்பம் வேண்டும். அதனால் கோடையில் வாங்கிய வெப்பத்தைக் கடல் குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. தென்மேற்கிலிருந்து வீசும் காற்று அந்த வெப்பத்தையும் ஈரத்தையும் கரைக்கு அள்ளிக்கொண்டு வருகிறது. ஈரம் மலையில் மோதி மழையாகும்போது ஆவிக்குள் அடங்கியிருந்த வெப்பமும் வெளியே வருகிறது. போதாததற்கு மேகம், இரவில் நிலத்துச் சூடு வானத்துக்குத் தப்பாமல் மூடிவைக்கிறது. வெறும் கடல் மட்டும் போதாது. கனடாவின் கிழக்கே லாப்ரடாருக்கும் கடல் இருக்கிறது. ஆனால் அங்கே குளிர்காலக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது, கரையோரம் வருவதும் குளிர்ந்த நீரோட்டம். ஆகவே உறைகிறது.

நார்வேக்குள்ளேயே கடலை விட்டு விலகினால் கதை மாறிவிடும். வடக்கே உள்நாட்டில் காரஷோக் என்ற ஊரில் 1886 ஜனவரி 1 அன்று மைனஸ் 51.4 டிகிரி பதிவானது. நாட்டின் சாதனை இன்றுவரை அதுதான். ஆனால் ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, கடலுக்கு நடுவே கிடக்கும் ரோஸ்ட் தீவில் குளிர்கால மாசங்களின் சராசரியே 0-க்கு மேல். மாணவர்களுக்கு இந்த இரண்டு ஊர்களே போதும்.

கிழக்கே ரஷ்யப் பக்கம் உயரழுத்தம் வலுவாக உட்கார்ந்து மேற்குக் காற்றைத் தடுத்துவிட்டால் பெர்கனிலும் சில நாள் மைனஸ் 10 வரை இறங்கும். அப்போது வானம் பளிச்சென்று இருக்கும். ஊர்க்காரர்கள் அதை நல்ல வானிலை என்றுதான் சொல்வார்கள்.

கேள்வி: தேவாலாவைத் தென்னிந்தியாவின் சிரபுஞ்சி என்கிறார்கள். பெர்கன் மழை எங்களை மிஞ்சுமா?
— வாசகர், பந்தலூர்

பதில்: அடித்து ஊற்றுவதில் மிஞ்சாது, இழுத்தடிப்பதில் மிஞ்சும். பெர்கனில் வருஷத்துக்கு 2,250 முதல் 2,500 மி.மீ. வரை. அது 200 நாளுக்கு மேல் பரந்து பெய்கிறது. 2006 அக்டோபர் 29 தொடங்கி 2007 ஜனவரி 21 வரை 85 நாள் ஒரு நாள்கூட விடாமல் பெய்த வரலாறும் உண்டு. ஆனால் 2019 ஆகஸ்ட் 8 அன்று நம் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் பதிவானது 820 மி.மீ. தலைநகரம் ஓஸ்லோவில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய அவ்வளவுதான்.

மழை மறைவு அங்கேயும் உண்டு. பந்தலூரில் நனைந்துகொண்டிருக்கும்போது மசினகுடியில் புழுதி பறப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதேபோல் மேற்குக் கரை மலைகளைத் தாண்டி உள்ளே போனால் ஷோக் என்ற வட்டாரம். அங்கே வருஷத்துக்கு 300 மி.மீ.கூடத் தேறாது. பழங்காலத்திலிருந்தே மலை ஓடைகளிலிருந்து வாய்க்கால் இழுத்துத்தான் பயிர் வைத்திருக்கிறார்கள்.

பருவம்தான் நேர் எதிர். நமக்குத் தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கும், அவர்களுக்கு ஜூன் மழை குறைந்த காலம். மழை உச்சம் செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை. குடையை நம்பாதீர்கள். காற்று பக்கவாட்டில் அடிக்கும், நம் ஊர்க் குடை ஒரு வாரம் தாங்கினால் பெரிது.

கேள்வி: குளிர் உடைகளை ஊட்டியிலேயே வாங்கலாமா, அங்கே போய் வாங்கலாமா? என்னென்ன, எத்தனை?
— மாணவர், எடக்காடு

பதில்: உள்ளே போடுவதை இங்கே வாங்கலாம். வெளியே போடுவதையும் காலில் மாட்டுவதையும் அங்கே வாங்குங்கள்.

உடம்பை ஒட்டி இருப்பது கம்பளியாக இருக்க வேண்டும், பருத்தியாக இருக்கவே கூடாது. பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். பஸ்ஸுக்கு ஓடிப்போய் ஏறிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கும்போது அந்த ஈரம் முதுகில் ஐஸாகக் குத்தும். மெரினோ கம்பளியில் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணியில் மேலுக்கும் காலுக்கும் இரண்டிரண்டு ஜோடி போதும். மூன்று நாள் போட்டாலும் நாற்றம் வராது, காற்றில் தொங்கவிட்டால் சரியாகிவிடும். அதற்கு மேல் போடும் தடித்த கம்பளி ஸ்வெட்டர் இரண்டை ஊட்டியில் திபெத்தியர் கடைகளிலேயே எடுக்கலாம். லேபிளில் அக்ரிலிக் எவ்வளவு என்று பாருங்கள். முழுக்க அக்ரிலிக் என்றால் பார்வைக்கு மட்டும்தான் கம்பளி.

வெளிச் சட்டைக்கு நீர்த்தாங்கும் அளவு (துணி மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்ற கணக்கு) 10,000 மி.மீ.க்குக் குறையக் கூடாது, தையல் எல்லாம் உள்ளே டேப் ஒட்டியிருக்க வேண்டும். தையல் வழியாகத்தான் முதலில் கசியும், அடுத்து பை வார் அழுத்தும் தோளில். துணியின் மேல் விழும் தண்ணீர் முத்தாக உருளாமல் பரவத் தொடங்கினால் சட்டை போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். அதற்கென்று விற்கும் சோப்பில் துவைத்து மெல்லிய சூட்டில் உலர்த்தினால் பெரும்பாலும் மீளும். துணி மென்மையாக்கும் திரவம் மட்டும் ஊற்றாதீர்கள். இறகு அடைத்த கோட்டு ஓஸ்லோவுக்கும் வடக்கு உள்நாட்டுக்கும் சரி. பெர்கன் மழையில் இறகு நனைந்து கட்டியாகி, கனம் மட்டும்தான் மிச்சம்.

செருப்பு விஷயத்தில் செய்யும் தவறு ஒன்றுதான். கச்சிதமான அளவில் பூட்ஸ் எடுப்பது. உள்ளே கம்பளிக் காலுறை போட்ட பிறகும் விரலை ஆட்ட இடம் வேண்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து, எவ்வளவு விலை உயர்ந்த பூட்ஸிலும் விரல் மரத்துவிடும். அரை அளவு அல்லது ஒரு அளவு பெரிதாக எடுங்கள். கூடவே ரப்பர் வளையத்தில் இரும்பு ஆணி பதித்த மாட்டி ஒன்று, எந்த பூட்ஸுக்கும் அடியில் இழுத்து மாட்டுவது. மைனஸ் 10-ல் பனி மொறமொறவென்று இருக்கும், நடக்கலாம். பகலில் 1 டிகிரி, இரவில் மைனஸ் 1 என்று மாறும் நாட்களில்தான் உருகிய தண்ணீர் மறுபடி உறைந்து நடைபாதை கண்ணாடியாகிவிடும். அதன் மேல் மழையும் பெய்தால் கேட்க வேண்டாம். எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போவது அந்த நாட்களில்தான். மாட்டியைக் கடைக்குள் நுழையும்போது கழற்றிவிடுங்கள். டைல்ஸ் தரையில் இரும்பு ஆணியே வழுக்கிவிடும்.

கேள்வி: எங்களுக்குக் கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று உருளைக்கிழங்கு மாறி மாறி வரும். உறைபனி விழுந்தால் செடி கருகிப் போகிறது. வருஷத்தில் பாதி உறையும் நாட்டில் எப்படி உருளை விளைகிறது?
— விவசாயி, கேத்தி

பதில்: அவர்களுக்கு ஒரே போகம்தான். மண் 6 முதல் 8 டிகிரி வரை சூடேறிய பிறகு, ஏப்ரல் கடைசியிலோ மே மாசத்திலோ நடுவார்கள். செப்டம்பரில் எடுத்துவிடுவார்கள். தென்மேற்கில் யாரென் கடலோரச் சமவெளியில் மட்டும், மெல்லிய வெள்ளைத் துணி விரித்து முன்னதாக நட்டு ஜூனிலேயே புதுக் கிழங்கு தோண்டுகிறார்கள்.

நாள் குறைவு என்பதால் நடுவதற்கு முன்பே நேரத்தை மிச்சப்படுத்துவது அவர்கள் வித்தை. விதைக்கிழங்கை ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி, வெளிச்சம் படும் இடத்தில் 10, 12 டிகிரியில் 4 முதல் 6 வாரம் வைத்து முளைகட்டுவார்கள். வெளிச்சத்தில் வந்த முளை குட்டையாக, தடித்து, பச்சையாக இருக்கும், நடும்போது ஒடியாது. இருட்டு மூட்டையிலேயே முளைக்கவிட்டால் வெள்ளையாக நீண்டு, கை பட்டதும் உதிரும். அவசரப்பட்டுக் குளிர்ந்த மண்ணில் நட்டால் கிழங்கு முளைக்காமல் அழுகும், முளைத்ததிலும் கரும்பொறி நோய் ஏறும்.

பகல் நீளமும் கணக்கில் உண்டு. ஜூனில் 18, 19 மணி நேர வெளிச்சம் கிடைப்பதால் இலை வேகமாக வளரும். ஆனால் ஆண்டிஸ் மலையின் பழைய ரகங்களை அங்கே நட்டால் இலைதான் காடாக வளரும், கிழங்கு இறங்காது. அவை குறுகிய பகலில் கிழங்கு விடும் ரகங்கள். நீண்ட பகலிலும் கிழங்கு விடும்படி ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த ரகங்கள்தான் அங்கே ஓடுகின்றன.

உறைபனியைப் பொறுத்தவரை நீங்கள் பார்ப்பதும் அவர்கள் பார்ப்பதும் ஒரே சங்கதி. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலத்துச் சூடு வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். கேத்திப் பள்ளத்தில் கருகும்போது மேட்டுத் தோட்டம் தப்புவது அதனால்தான். ஹார்டாங்கர் என்ற கடற்கழியில் ஆப்பிள் தோட்டங்கள் சரிவில் இருப்பதும் இதே காரணத்தால். பள்ளத்தில் தேங்க வேண்டிய குளிர்காற்று வழிந்து தண்ணீருக்கு மேல் போய்விடுகிறது, தண்ணீரும் சூடு கொடுக்கிறது.

மே மாசம் ஆப்பிள் முழுப் பூவில் இருக்கும்போது மைனஸ் 2-க்குக் கீழே போனால் பூ கருகத் தொடங்கும். அப்போது தெளிப்பான் போடும் தோட்டங்கள் உண்டு. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பம் வெளிவிடும். பூவைச் சுற்றி ஐஸ் கட்டிக்கொண்டே இருக்கும்வரை உள்ளே 0-க்கு மிகக் கீழே இறங்காது. இதற்கு மணிக்கு 3 மி.மீ. மழைக்குச் சமமான தண்ணீர் வேண்டும், அதாவது ஏக்கருக்கு மணிக்கு 12,000 லிட்டர். நடுராத்திரியில் மோட்டார் நின்றால் போச்சு. ஈரம் ஆவியாகி, தெளிக்காமலே விட்டதைவிட மோசமாகக் கருகும். காலையில் ஐஸ் தானாக உருகி விழும்வரை நிறுத்தக் கூடாது. கிணற்றில் அவ்வளவு தண்ணீர் இல்லாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். ஊட்டித் தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் என்ற செடியை வைத்து நாற்றை மூடுகிறார்களே, அந்த முறைதான் சிறு விவசாயிக்குச் செலவில்லாதது. சாயங்காலம் மண்ணில் சூடு இருக்கும்போதே மூடிவிட வேண்டும். இரவு பத்து மணிக்கு மூடினால் குளிரைத்தான் மூடிவைக்கிறீர்கள்.

ஒரு எச்சரிக்கை. அங்கே போகும் பிள்ளையிடம் ஊர் உருளைக்கிழங்கு கொடுத்துவிடாதீர்கள். பயணிகள் உருளைக்கிழங்கு கொண்டுபோவதற்கு நார்வேயில் தடை. கிழங்கில் ஒட்டிய மண்ணோடு போய் உருளை வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு என்ன செய்யும் என்று நீலகிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: வடதுருவ ஒளியைப் பார்க்க எப்போது, எங்கே போக வேண்டும்? கொடைக்கானலில் இருந்து தெரியுமா?
— கல்லூரி மாணவி, கொடைக்கானல்

பதில்: கொடைக்கானலில் தெரியாது. 2024 மே மாசம் பெரிய சூரியப் புயல் வந்தபோது லடாக்கின் ஹான்லேயில் சிவப்பு ஒளி பதிவானது. நமக்கு அவ்வளவு தூரம் இறங்காது. ஆனால் அந்த ஒளிக்கு மூலமான சூரியனை நூறு வருஷத்துக்கு மேலாகப் படம் பிடித்து வருவது உங்கள் ஊர் ஆய்வகம்தான். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது அங்கேதான். ஏறக்குறைய அதே காலத்தில் நார்வேயில் கிறிஸ்டியன் பிர்க்லன் வெற்றிடப் பெட்டிக்குள் காந்த உருண்டையை வைத்து, மின்துகள்கள் துருவங்களில் குவிந்து ஒளிர்வதைச் செய்து காட்டினார்.

போவதென்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை, டிராம்ஸோ நகரம். அங்கே நவம்பர் 27 முதல் ஜனவரி 15 வரை சூரியன் அடிவானத்துக்கு மேல் வராது. மதியம் இரண்டு மூன்று மணி நேரம் நீல வெளிச்சம் மட்டும் இருக்கும். ஒளி வலுவாக இருப்பது முக்கியமல்ல, மேகம் இல்லாதிருப்பதுதான் முக்கியம். கரையோரம் மூடியிருந்தால் பலர் காரில் உள்நாட்டுப் பக்கம் ஷிபோட்ன் வரை ஓடிப்போவார்கள், அங்கே வானம் வெளுத்திருக்க வாய்ப்பு அதிகம். மாலை 6 முதல் இரவு 1 வரை காத்திருங்கள். கேமராவை முக்காலியில் வைத்து ஐ.எஸ்.ஓ. 1600, திறப்பு நேரம் 8 விநாடி என்று தொடங்குங்கள். பேட்டரியைச் சட்டைப் பைக்குள் உடம்போடு வையுங்கள், வெளியே வைத்தால் குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். மூன்று இரவுக்குக் குறைவாகப் போகாதீர்கள்.

கேள்வி: ஓஸ்லோவில் இருக்கும் மகன் நவம்பர் வந்தாலே சோர்வாக இருக்கிறது, தூக்கமாகவே வருகிறது என்கிறான். டாக்டர் வைட்டமின் டி எடுக்கச் சொன்னாராம். வெயில் இல்லாததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?
— ஓய்வுபெற்ற செவிலியர், அரவங்காடு

பதில்: நேரடிச் சம்பந்தம். டிசம்பர் 21 மதியம் ஊட்டியில் சூரியன் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். ஓஸ்லோவில் 7 டிகிரிகூட இல்லை. ஐந்தரை அடி ஆளின் நிழல் 46 அடிக்கு நீளும்! ஜூன் உச்சியில்கூட ஓஸ்லோச் சூரியன் 53½ டிகிரிதான், அதாவது நம் டிசம்பர் வெயிலைவிடத் தாழ்வு. அவ்வளவு சாய்ந்து வரும் வெளிச்சத்தில், தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் காற்று மண்டலத்திலேயே தேய்ந்துவிடும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெளியே நின்றாலும் பயன் சொற்பம். நம் நிறத்துக்கு இன்னும் அதிக வெயில் வேண்டும் என்பதால் குறைவு சீக்கிரம் தெரியும்.

அங்கே பெரியவர்களுக்கான பரிந்துரை நாளுக்கு 10 மைக்ரோகிராம். காட் மீன் ஈரல் எண்ணெய் 5 மி.லி. குடித்தால் அது கிடைத்துவிடும். சைவம் என்றால் மாத்திரை. உண்மையிலேயே குறைவு இருந்தால் இந்த அளவு போதாது. ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்லும் அளவே சரி, இங்கிருந்து வாரம் ஒரு முறைக்கான 60,000 யூனிட் பாக்கெட்டைத் தானாக அனுப்பிவைக்காதீர்கள்.

தூக்கம் வேறு கணக்கு. காலை வெளிச்சம் கண்ணில் படாவிட்டால் உடம்புக் கடிகாரம் பின்தங்கும். எழுந்தவுடன் 10,000 லக்ஸ் விளக்குக்கு முன் அரை மணி நேரம் உட்காரலாம். உற்றுப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் எரிந்தால் போதும். சாயங்காலம் போட்டால் தூக்கம் இன்னும் கெடும். கண் நோயோ மனநிலை நோய்க்கு மருந்தோ இருந்தால் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே நடப்பதும் உதவும், மேகமான பகல்கூட அறை விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம். சோர்வு வாரக்கணக்கில் போய், சாப்பாடும் வேலையும் பிடிக்காமல் போனால் அது இருட்டுக் கோளாறு என்று ஒதுக்காமல் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

வெளிச்சத்துக்கு அவர்கள் படும்பாடு கொஞ்சமல்ல. ரியூகன் என்ற ஊர் ஆழமான பள்ளத்தாக்கில் இருக்கிறது, செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நேர் வெயில் படாது. 1928-ல் மக்கள் மேலே போய் வெயில் காயவே ஒரு கம்பிவட வண்டி போட்டார்கள். 2013-ல் மலை மேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, சூரியனைத் தொடர்ந்து திருப்பி, ஊர்ச் சதுக்கத்தில் வெயில் விழச் செய்தார்கள்.

மகனிடம் ஒளி திருப்பும் பட்டை வாங்கிக் கையிலோ பையிலோ மாட்டச் சொல்லுங்கள். கறுப்புக் கோட்டில் நடப்பவரைத் தாழ்ந்த விளக்கில் வரும் ஓட்டுநர் 25, 30 மீட்டரில்தான் பார்ப்பார். பட்டை இருந்தால் 140 மீட்டரிலேயே தெரியும்.

கேள்வி: மேட்டுப்பாளையம் – ஊட்டி ரோட்டில் ஓட்டிப் பழக்கம். ஐஸ் ரோட்டில் என்ன வித்தியாசம்?
— ஓட்டுநர், குன்னூர்

பதில்: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பது நம் மலைப் பாடம். ஐஸிலும் தாழ்ந்த கியர்தான், ஆனால் ஐஸுக்கு வருவதற்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும். வழுக்கும் இடத்தில் சட்டென்று கீழ் கியருக்கு இழுத்தால் இன்ஜின் பிடித்துச் சக்கரம் பூட்டியதுபோல் சறுக்கும். பாலமும், வெயில் படாத வளைவும் முதலில் உறையும். தரை ஈரமாகத் தெரிந்து, முன் வண்டியின் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்காவிட்டால் அது ஈரமல்ல, ஐஸ்.

குளிர்கால டயரின் ரப்பர் மென்மையானது. 7 டிகிரிக்குக் கீழே கோடை டயர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். டயரில் உள்ள பள்ளத்தின் ஆழம் குளிர்காலத்தில் குறைந்தது 3 மி.மீ. வேண்டும் என்பது சட்டம். இரும்பு ஆணி பதித்த டயர் போட அனுமதி தெற்கே நவம்பர் 1 முதல் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வரை, வடக்கு மாகாணங்களில் அக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை. ஓஸ்லோ, பெர்கன் போன்ற நகரங்களில் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

கேள்வி: இட்லி மாவு புளிக்குமா?
— வாசகி, வெலிங்டன்

பதில்: ஊட்டி வீட்டைவிட நன்றாகவே. நம் வீடுகளில் டிசம்பர் இரவில் அறைக்குள்ளேயே 12 டிகிரி, அங்கே ஹீட்டர் போட்டு 20, 21-ல் வைத்திருப்பார்கள். ஓவனுக்குள் மாவை வைத்து விளக்கை மட்டும் எரியவிட்டால் காலையில் பொங்கியிருக்கும். ஹீட்டர் மேலேயே வைத்தால் ஓரம் வெந்து நடு பச்சையாக நிற்கும். பல வீடுகளில் குளியலறைத் தரைக்கடியில் சூடேற்றும் கம்பி ஓடும். வீட்டார் ஆட்சேபிக்காவிட்டால் அதுவும் நல்ல இடம்.

கேள்வி: மகளைப் பார்க்க நாங்கள் இருவரும் எந்த மாசம் போகலாம்? எனக்கு மூட்டுவலி உண்டு.
— தம்பதியர், தாண்டிக்குடி

பதில்: மே நடுவிலிருந்து ஜூன் கடைசிக்குள். மழை குறைவு, ஆப்பிள் பூத்திருக்கும், தரையில் வழுக்கல் இல்லை. ஜூலையில் ஊரே விடுமுறையில் இருக்கும், தங்குமிடம் விலை ஏறும். மலைச் சாலைகள் பலவும் குளிர்காலத்தில் மூடியே இருக்கும். பதினோரு கொண்டை ஊசி வளைவுக்குப் பேர் போன ட்ரோல்ஸ்டிகன் பனி அள்ளி முடிந்து மே கடைசி, ஜூன் வாக்கில்தான் திறக்கும். பாறை விழுந்தாலும் மூடுவார்கள், கிளம்பும் அன்று திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கல்லட்டியில் 36 வளைவு ஏறி இறங்கியவர்களுக்கு வளைவு பெரிதல்ல, சாலையின் அகலம்தான் குறைவு.

தெற்குக் கடலோரப் புல்வெளிகளில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உண்ணி உண்டு. சோலைக்காட்டு அட்டைக்கு உப்பு வைக்கிற மாதிரி இதற்கு எண்ணெயோ நெருப்போ வைக்கக் கூடாது. முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். கடித்த இடத்தில் சில நாளோ சில வாரமோ கழித்துச் சிவப்பு வளையம் பெரிதாகிக்கொண்டே போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும், ஊருக்குத் திரும்பி வந்த பிறகானாலும் சரி.

கேள்வி: போன் பேச நேர வித்தியாசம் எவ்வளவு? சிலர் மூன்றரை மணி நேரம் என்கிறார்கள், சிலர் நான்கரை என்கிறார்கள்.
— வாசகி, மஞ்சூர்

பதில்: இரண்டுமே சரி. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாம் மூன்றரை மணி நேரம் முன்னால், மற்ற மாசங்களில் நான்கரை மணி நேரம் முன்னால். ஜனவரியில் இங்கே காலை 11 மணிக்கு நீங்கள் கூப்பிட்டால் அங்கே 6.30, கும்மிருட்டு. மதியம் ஒன்றரைக்கு மேல் கூப்பிடுங்கள்.